உங்களை இங்கே வைத்திருப்பது எது?

புது மேலாளர் அம்மா எங்களுக்கெல்லாம் ஒரு படிவம் கொடுத்தார். "உங்களை இந்த வேலைக்கு இழுத்தது எது? இன்னும் இங்கே வைத்திருப்பது எது?" ஒரு வருடத்தில் ஐந்து பேர் வேலையை விட்டுப் போனால் இப்படித்தான் ஞானம் பிறக்கும். பிராங்பேர்ட்டுக்கு வெளியே, ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது எங்கள் சூதாட்ட மண்டபம். பன்னிரண்டு மெஷின்கள், ஜன்னல் முழுக்கக் கறுப்புத் தாள். மற்றவர்கள் சம்பளம், வீட்டுக்குப் பக்கம் என்று கட்டங்களில் புள்ளடி போட்டுவிட்டார்கள். நான் மட்டும் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

என்னை இழுத்தது என் தம்பி டக்ளஸ். அவன் மெஷினே கதியென்று கிடந்தபோது, நாட்டில் எந்த மண்டபத்துக்குள்ளும் அவனை விடக்கூடாது என்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவள் நான். தடை வந்தது. தம்பி என்னோடு கோபித்துக்கொண்டு போய்விட்டான், தொலைபேசி இலக்கத்தையும் மாற்றிவிட்டு.

முன்பு அவன் வழக்கமாக விளையாடிய மண்டபம் இதுதான். இங்கே ஒவ்வொருவருடைய அடையாள அட்டையையும் கணினியில் பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும். ஆசை தாங்காமல் என்றாவது வருவான் என்று அந்த வாசலிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். பூட்டியவளே பூட்டுக்குப் பக்கத்தில் காத்திருந்தேன், ஆறு வருடம். அட்டையை வாங்கியதும் பெயரைத்தான் முதலில் பார்ப்பேன்.

கோயிலில் என்னோடு பாடுகிற எவ்லின், முதியோர் இல்லச் சமையலறையில் எனக்கொரு நல்ல வேலை பார்த்து வைத்திருந்தாள். இன்று மூன்று மணிக்குக் கையெழுத்து.

"இனி அவன் வரமாட்டான், பிளோறன்ஸ். உன்ரை சீவியத்தைப் பார்," என்றாள்.

போவதென்றுதான் இருந்தேன். கைப்பையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

இரண்டு மணிக்கு மேசைக்கு ஒரு அட்டை வந்தது. டக்ளஸ்.

விளையாட வருகிறவர்கள் எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. அவன் கண்ணும் என்னைத் தாண்டி மெஷின்களில்தான் நின்றது. தாடியில் நரை. அட்டையை வைத்தேன். திரை சிவந்தது.

"உனக்குத் தடை இருக்கு, டக்ளஸ்."

தமிழைக் கேட்டுத் திரும்பினான்.

"அக்கா? இஞ்சை நீங்களோ?" கண் மறுபடி மெஷின்களுக்குப் போனது. பிறகு, "ஒருக்கா விடுங்கோ. அரை மணித்தியாலம்."

விட்டால் நாளைக்கும் வருவான். அந்த மூலை மெஷினில் என் கண் முன்னாலேயே இருப்பான். மூன்று கரண்டி சீனி போட்டுக் கோப்பி கொண்டுபோய்க் கொடுக்கலாம். சத்தியமாகச் சொல்கிறேன், கதவைத் திறக்கக் கை போய்விட்டது.

"ஏலாது," என்றேன்.

கோப்பியை மட்டும் கடதாசிக் குவளையில் கொடுத்தேன். வாசலுக்கு வெளியே நின்று குடித்தான். சீனி சரியாக இருந்திருக்க வேண்டும், ஒன்றும் சொல்லவில்லை.

"நாளைக்கு ஆர் நிப்பினம்?"

என்னைப் பார்க்கக் கேட்டானா, வேறு யாராவது கண்ணை மூடிக்கொண்டு விடுவார்கள் என்று கேட்டானா, தெரியவில்லை. விளக்கம் கேட்கப் பயமாக இருந்தது.

"நான்தான். நாளையிண்டைக்கும் நான்தான்."

தலையாட்டிவிட்டு நிலையப் பக்கம் நடந்தான். எவ்லினுக்குத் தொலைபேசி எடுத்து, கையெழுத்துப் போட நான் வரவில்லை என்றேன். அவள் ஏசி முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு படிவத்தின் இரண்டாவது கேள்விக்குக் கீழே எழுதினேன்: "நாளைக்கும் அவனுக்கு ஏலாது என்று சொல்ல ஆள் வேண்டும்."