பவளத்துக்குப் பூசிய நிறம்

அந்தச் சுற்றுலா அலுவலகத்தில் விளம்பரப் படங்களைச் சரிசெய்வது அவளுடைய வேலை. பவளப்பாறைத் தீவிலிருந்து வருகிற படங்கள்தான் நாலு வருடமாகத் தலைவலி. கடல் சூடேறிச் சூடேறி, பவளமெல்லாம் வெளுத்து எலும்புக்கூடாய் நின்றது. "கொஞ்சம் கலர் ஏத்துங்க, போதும்" என்பார் மேலாளர். அவளும் சிவப்பு, ஊதா, மஞ்சள் என்று வாரி இறைப்பாள். இதனால் யார் குடி முழுகிவிடப்போகிறது என்றிருந்தாள்.

ஒருநாள் காலை, வாடிக்கையாளர்களைக் கவனிக்கிறவர் லீவு. அவள் எதிரில் ஒரு தையல்காரம்மா வந்து உட்கார்ந்தார். சட்டைக் கழுத்தில் நூல் கோத்த ஊசி குத்தியபடியே இருந்தது. கையில் விளம்பரத்தாள், அவள் நிறமேற்றிய படம்.

"உண்மையைச் சொல்லணும்மா" என்று குரலைத் தாழ்த்தினார். "என் கண்ணு கொஞ்சம் கொஞ்சமா போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குள்ள இதைப் பாத்துடணும்னு போன மாசம் போனோம். வீட்டுக்காரருக்குத் தண்ணின்னா பயம், படகுலயே உக்காந்துட்டாரு. நான் மட்டும் இறங்கினேன். எல்லாம் ஒரே வெள்ளை. மேல வந்ததும் எப்படி இருந்துச்சுன்னு கேட்டாரு. கொள்ளை அழகுன்னு சொல்லிட்டேன். மத்தவங்களுக்கெல்லாம் கலர் தெரிஞ்சுதா? எனக்கு இப்பவே கண்ணு போக ஆரம்பிச்சிடுச்சா?"

அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "அன்னைக்கு மேகமூட்டமா இருந்திருக்கும்மா."

"சுள்ளுன்னு வெயில் அடிச்சுதே." தையல்காரம்மா தாளை நாலாக மடித்தார். "அப்ப என் கண்ணுதான். ரெண்டு கல்யாணத் துணி தைக்க வாங்கி வெச்சிருக்கேன். பாழாக்கறதுக்குள்ள திருப்பிக் குடுத்துடறேன்."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. "உங்க கண்ணுல ஒண்ணும் இல்லம்மா. அங்க வெள்ளையாத்தான் இருக்கு. இந்தக் கலரெல்லாம் நான் போட்டது."

"நெஜமாவா? அப்ப எனக்குச் சரியாத்தான் தெரியுதா!" தையல்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட அவள் இவ்வளவு கூனிக்குறுகியிருக்க மாட்டாள்.

பிறகு அந்தக் கை மெல்ல விலகியது.

"அவ்வளவும் செத்துப்போச்சா?"

"பெரும்பாலும்."

"தெரிஞ்சேதான் எங்களை அனுப்பினீங்களா?"

அவள் மேஜையில் கிடந்த விளம்பரத்தாள்களைக் கவிழ்த்து வைத்தாள்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. "அவருகிட்ட மட்டும் சொல்லிடாதே" என்றார் தையல்காரம்மா அவசரமாக. "நான் பாத்துட்டேன்னு தெருவெல்லாம் சொல்லிப் பூரிச்சுப்போயிருக்காரு."

கணவர் மூச்சு வாங்க வந்து நின்றார். "இந்தப் பொண்ணுதான் அனுப்பி வெச்சுதா? உன் புண்ணியத்துல இவ ஆசை தீந்துச்சும்மா. படத்துல இருக்கற மாதிரியே இருந்துச்சாமே?"

"ஆமாங்க" என்றாள் அவள். தையல்காரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர்கள் போனதும் அவள் நிறமேற்றாத படத்தை இணையதளத்தில் போட்டாள். அரைமணி நேரத்தில் மேலாளர் வந்துவிட்டார்.

"இதைப் பாத்தா எவன் போவான்?"

"இனிமே என்னால கலர் ஏத்த முடியாது சார்."

அவர் கோபப்படவில்லை. அந்த வேலையைப் பக்கத்து மேஜைக்கு மாற்றிவிட்டார், அவ்வளவுதான். அவள் முன்பு செய்த படம் வாசல் சுவரில் ஆள் உயரத்துக்கு இன்னும் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று வாயைப் பிளக்கும்போது, அவள் பின்வாசல் வழியாக உள்ளே போகிறாள்.