ஞாயிறு மட்டும்

என் வீட்டுக்காரர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று மதியம் ஒன்றரையிலிருந்து இரவு பத்தரை வரை மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் லவுட்ஸ்பீக்கர். நான் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். விடியற்காலை ஐந்து மணிக்கு நான் கிளம்பும்போது அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். ஒரு மணிக்கு நான் திரும்பும்போது அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். "சாப்பாடு மூடி வச்சிருக்கேன்" என்று அவர் சொல்ல, "சரி, குடை எடுத்துக்கோங்க" என்று நான் சொல்ல, எங்கள் குடும்ப வாழ்க்கை வாசற்படியில் அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமையாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. மகள் விடுதியில் தங்கிப் படிக்கப் போன பிறகு, ஞாயிறும் கூடுதல் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். "வீட்ல உக்காந்து என்ன பண்றது?" என்பார். வீட்டில் நான் இருக்கிறேனே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு வீம்பு அதிகம். கேட்டு வாங்குகிற பாசம் வேண்டவே வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு தொழில் ஆரம்பித்தேன்.

என் அண்ணன் வெளியூருக்கு மாற்றலாகிப் போகும்போது தன் பிக்கப்பை என்னிடம் விட்டுப் போயிருந்தார். அதில் பீரோ, கட்டிலெல்லாம் கொள்ளாது என்று, தோட்ட வேலை செய்யும் ஒருவரிடமிருந்து பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கி அதன் பின்னால் மாட்டினேன். ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினேன். 'பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ், தோட்டக் குப்பை, எதுவானாலும் கொண்டுபோய்ச் சேர்க்கப்படும். ஞாயிறு மட்டும்.'

"உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"நாலு காசு வரட்டுமே. நீங்க ஒண்ணும் வர வேணாம். பீரோவ நானே தூக்கிக்கிறேன்."

மறுநாளே, இனி ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரமாட்டேன் என்று நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மனுஷனுக்கு மனசு இளகிவிட்டது. எனக்குத் தெரியும்.

அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் சாமான் ஏற்றுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கனமானதை டிரெய்லரின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் வைப்பார், அப்போதுதான் வால் ஆடாமல் வரும். பெல்ட்டை இறுக்கி, விரலால் தட்டிப் பார்த்து, காது கொடுத்துக் கேட்பார். பிறகு என் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து பேச ஆரம்பிப்பார். தொலைந்துபோன பைகளின் கதை, தப்பான பஸ்ஸில் ஏறி கல்யாணத்துக்கே போய்ச் சேராத மாப்பிள்ளையின் கதை. நான் ரோட்டைப் பார்த்தபடி "ம்" கொட்டுவேன். கடந்த ஆறு வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் வினை. டிரெய்லரை மாட்டிக்கொண்டு பின்னால் போவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் டிரெய்லரின் வால் மறுபக்கம் போகும். இந்த அழகில் அவர் வண்டிக்குப் பின்னால் என்னைப் பார்த்து நின்றுகொண்டு, ஊருக்கே கேட்கிற குரலில் "வலது! வலது!" என்பார்.

"யாரோட வலது? உங்களுதா, என்னுதா?"

"வண்டியோட வலது!"

"எந்த வண்டி? முன்னாடி இருக்கிறதா, பின்னாடி இருக்கிறதா?"

ஒரு வண்டிக்கு மூன்று வலது. இதை வைத்துக்கொண்டு யாரால் ஓட்ட முடியும்? டிரெய்லரை மாட்டிக் கொடுத்த மெக்கானிக், ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையைத் தள்ளினால் போதும் என்று சொல்லியிருந்தார். அதை நிதானமாகச் செய்து பார்க்க அந்தக் குரல் என்னை எங்கே விட்டது?

ஒரு ஞாயிறு, ஒரு வீட்டுக்குக் கண்ணாடி பீரோ கொண்டுபோனோம். "வலது!" என்றார். திருப்பினேன். அந்த வீட்டுத் தபால் பெட்டி நசுங்கிப்போயிற்று. வீட்டுக்கார அம்மா தண்ணீர்ச் செம்போடு நிற்க, அவர் முன்னாலேயே நாங்கள் இருவரும் கத்திக்கொண்டோம். கடைசியில் இவர், "இந்த டிரெய்லரே நமக்கு வேண்டாம்" என்றார். நானும் கோபத்தில், "சரி, வித்துடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன மனுஷன் செவ்வாய்க்கிழமைக்குள் ஆளைப் பிடித்துவிட்டார். ஒரு பிளம்பர், அடுத்த ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. டிரெய்லர் போனால் தொழில் போகும். தொழில் போனால் இவர் மறுபடியும் ஞாயிறும் மைக் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். எனக்கு மிச்சம் அந்த அரை நிமிட வாசற்படிதான். வேண்டாங்க, விக்காதீங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொல்லவில்லை. வீம்பு.

வெள்ளிக்கிழமை அவர் குரல் போய்விட்டது. சுத்தமாகக் காற்று மட்டும் வந்தது. தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது, முணுமுணுக்கவும் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஞாயிறு கடைசி வேலை ஒன்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தோம். ஒரு பேக்கரிக்காரம்மா கடையை இடம் மாற்றுகிறார். மாவு பிசையும் மெஷினைப் புதுக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். "நாளைக்கு காலைல திறப்பு. இது வரலன்னா ஒரு ரொட்டி கூட போட முடியாது" என்றார். மெஷின் ஆள் உயரம் இருந்தது. கடைப் பையன்கள் நாலு பேர் பலகையில் உருட்டி ஏற்ற, இவர் கையாலேயே ஜாடை காட்டி இடம் சொல்லி, பெல்ட் போட்டு, தட்டி, காது கொடுத்துக் கேட்டார். திருப்தி என்று தலையாட்டினார்.

வழியெல்லாம் வண்டிக்குள் எஞ்சின் சத்தம் மட்டும்தான். எனக்கு என்னவோபோல் இருந்தது.

புதுக் கடையின் பின்கதவு ஒரு முட்டுச்சந்தின் கோடியில் இருந்தது. இரண்டு பக்கமும் மதில். ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. முன்னால் ஓட்டிக்கொண்டு போனால் மெஷினை இறக்க வழியில்லை, ரிவர்ஸ்தான். பேக்கரிக்காரம்மா வேறு பின்கதவில் நின்று, கையைப் பிசைந்துகொண்டு பார்த்தார்.

இவர் இறங்கினார். வாயைத் திறந்தார், பிறகு நினைவு வந்து மூடிக்கொண்டார். டிரெய்லருக்குப் பின்னால் போய் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் ஒரு காரியம் செய்தார். வால் எந்தப் பக்கம் வர வேண்டுமோ அந்தப் பக்கமாக மதிலை ஒட்டி நகர்ந்து, இடது கண்ணாடியில் எனக்குத் தெரிகிற மாதிரி நின்றார். அவ்வளவுதான். நான் ஸ்டீயரிங்கின் அடியைப் பிடித்துக்கொண்டு, அவர் நிற்கிற பக்கம் கையைத் தள்ளினேன். வால் அவரைப் பார்த்து வந்தது. போதும் என்கிற மாதிரி அவர் மறுபக்கம் நடந்தார். வலது கண்ணாடியில் வந்தார். நானும் கையை அந்தப் பக்கம் கொண்டுபோனேன். வலதும் இல்லை, இடதும் இல்லை. அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே வண்டி போயிற்று. பின்கதவுக்கு இரண்டடி முன்னால் அவர் உள்ளங்கையைக் காட்ட, நிறுத்தினேன்.

"நல்ல ஜோடிம்மா நீங்க. இப்படி சத்தமே இல்லாம வேலை பாக்குறவங்கள நான் பாத்ததே இல்ல" என்றார் பேக்கரிக்காரம்மா.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

திரும்பும்போது மணி நாலரை. காலி டிரெய்லர் பின்னால் தடதடத்தது. பிளம்பர் கிளம்பியிருப்பார். இவரால் வாயைத் திறக்க முடியாத அன்றுதான் எனக்கு வாய் வந்தது.

"நான் ஒண்ணு சொல்றேன். நடுவுல பேசாதீங்க" என்றேன். சொன்ன பிறகுதான், அவரால் எப்படிப் பேச முடியும் என்று உறைத்தது. "இந்தத் தொழில நான் காசுக்கு ஆரம்பிக்கல. வாரம் பூரா உங்கள வாசல்லதான் பாக்குறேன். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் இந்த சீட்ல பக்கத்துல உக்காந்திருக்கீங்க. அதுக்குத்தான் ஆரம்பிச்சேன். போதுமா?"

அவர் என்னையே பார்த்தார். டாக்டர் சொன்னது காற்றில் போயிற்று. கரகரவென்று ஏதோ வந்தது. காதைக் கிட்டக் கொண்டுபோனேன்.

"நீ வித்துடுங்கன்னதும், என் தொல்லை தாங்கலன்னு நெனச்சேன்."

"தொல்லைதான். இல்லன்னு யார் சொன்னா?"

தொண்டையைத் தடவிக்கொண்டு மறுபடியும் சொன்னார். "ஆறு நாளும் மைக்ல கத்துறேன். ஒரு ஆளு திரும்பி பதில் சொன்னதில்ல. ஞாயித்துக்கிழமைதான் நீ, யாரோட வலதுன்னு திருப்பிக் கேக்குற."

வண்டியை ஓரமாக நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ரோடு தெரியவில்லை.

வீட்டு வாசலில் பிளம்பர் கை கட்டி நின்றிருந்தார். இவர் இறங்கிப் பின்னால் நடந்தார். கண்ணாடியில் இவரைப் பார்த்தபடியே டிரெய்லரை முற்றத்துக்குள் கொண்டுபோனேன்.

"இவ்ளோ அழகா ரிவர்ஸ் எடுக்கிறீங்க. அப்புறம் எதுக்கு விக்கிறீங்க?" என்று பிளம்பர் கேட்டார்.

"விக்கலைங்க. மன்னிச்சுக்கோங்க."

"காலைலயே ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"காலைல தெரியலைங்க."

பிளம்பர் முணுமுணுத்துக்கொண்டே போனார். பாவம், நியாயமான கோபம்தான். நான் எஞ்சினை அணைக்கப் போனேன். பின்னால் இவர் டிரெய்லரைத் தட்டினார். ஜாடை காட்டினாலே போதும், காட்டவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, இருக்கிற கொஞ்சநஞ்சக் குரலையெல்லாம் திரட்டி, "வலது, இன்னும் கொஞ்சம் வலது" என்றார்.

எனக்கு நன்றாகவே புரிந்தது. இருந்தும் ஜன்னல் வழியே தலையை நீட்டி, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

"யாரோட வலது?"