அத்தைக்கு இரண்டு நிமிடம்

மாப்பிள்ளை பஸ் ஓட்டுகிறவன். காய்களை நகர்த்தத் தெரியும், அவ்வளவுதான் அவனுடைய செஸ். மாமியாரோ பள்ளி பள்ளியாகப் போய் செஸ் சொல்லிக்கொடுக்கிறவர். வாங்கிய கோப்பைகளை வைக்க இடமில்லாமல், ஒன்றில் கரண்டிகளைப் போட்டு வைத்திருந்தார். மலையோடு மோதினால் மண்டைதான் உடையும் என்று அவனுக்கும் தெரியும்.

வேறு வழியில்லை. பிரசவத்துக்கு வந்த மனைவியும் குழந்தையும் ஆறு மாதமாக மாமியார் வீட்டில்தான். எப்போது கேட்டாலும் "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்பார் அத்தை. காலி வீட்டில் தன் குறட்டைக்குத் தானே விழித்துக்கொண்டு அலுத்துப்போனவன், துணிந்து பந்தயம் கட்டிவிட்டான். ஜெயித்தால் இருவரையும் இன்றே கூட்டிப்போவான். அத்தைக்கு இரண்டு நிமிடம், அவனுக்குப் பத்து. அவரவர் முறையில் அவரவர் கடிகாரம் ஓடும்; நேரம் தீர்ந்தவர் தோற்றவர்.

எடுத்த எடுப்பிலேயே அவனுடைய ராணி போய்ச் சேர்ந்தாள். ஆனால் அத்தைக்குத் தொழில் புத்தி விடுமா?

"குதிரைய யாராவது ஓரத்துல வைப்பாங்களா மாப்பிள்ளை? நடுவுல இருந்தா எட்டுக் கட்டம் பாக்கும்ல?"

"புரியலையே அத்தை. கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க" என்றான் பரம சாதுவாக. அத்தையின் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து யானையை அதைவிடக் கேவலமாக நகர்த்தினான். அதற்கும் ஒரு பாடம் நடந்தது.

ராஜாவை மடக்கி எப்போதோ முடித்திருக்கலாம். அத்தைக்குக் கோபம், திட்டிக்கொண்டே ஒன்றுவிடாமல் வெட்டித் தள்ளினார். கடைசிச் சிப்பாயையும் தூக்கியபோது அவருடைய கடிகாரம் கீச்சிட்டது.

"நேரம் முடிஞ்சுது அத்தை. பெட்டிய கட்டச் சொல்லுங்க."

அத்தை பலகையைப் பார்த்தார். "ஒத்த ராஜாவ வச்சுக்கிட்டு யாரும் ஜெயிக்க முடியாது மாப்பிள்ளை. விதியே அப்படித்தான். இது டிரா."

அவன் வெட்டுப்பட்டுக் கிடந்த சிப்பாய்களைப் பார்த்தான். ஒரே ஒரு சிப்பாய் பிழைத்திருந்தால் போதுமே.

"அப்ப பந்தயம்?"

"பாதி பாதி." வாசலில் அவன் மனைவி நின்றிருந்தாள், இடுப்பில் குழந்தை, தோளில் கைப்பை, கண்ணுக்குக் கீழே கருவளையம். "என்னை ரெண்டு பேரும் ஒரு வார்த்தை கேக்கல. பரவாயில்ல. பாதி நம்ம வீட்டுக்குப் போகுது, பாதி இங்க இருக்குது."

குழந்தையை அவன் மடியில் வைத்தாள். "பால் குடுத்தாச்சு. அடுத்த பசிக்குள்ள வந்துடுவேன். சாவிய குடுங்க, நான் போய்த் தூங்கணும்."

அவன் எடுத்துக் கொடுத்தான். கதவைச் சாத்திவிட்டுப் போனாள். குழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு ஆரம்பித்தது.

மனைவி இல்லாத வீட்டிலிருந்து தப்பி வந்தவன், இப்போது மனைவி இல்லாத இன்னொரு வீட்டில் மாமியாரோடு உட்கார்ந்திருந்தான்.