காரணம் எழுதும் இடம்

படிவத்தின் கடைசியில் ‘மறுப்பதற்கான காரணம்’ என்று அச்சிட்டு, கீழே மூன்று கோடுகள் விட்டிருந்தார்கள். டீ இடைவேளை முடிய ஐந்து நிமிடம் இருந்தது. சுகப்பிரியா பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டு அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடமாக அவள் லேத்தில் கடைந்தது டிராக்டர் வால்வுகள். திங்கட்கிழமை முதல் புது லைனில் பீரங்கிக் குண்டுக்கான உறை. அங்கே போகிறவர்களுக்கு வேலை நிரந்தரம். மறுக்கிற ட்ரெய்னிகளின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடியலாம். திருநெல்வேலியிலிருந்து அவளோடு ஒரகடத்துக்கு பஸ் ஏறி வந்தவர்கள் எல்லோரும் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஊரில் அம்மா, மகள் பெர்மனென்ட் ஆகிவிட்டாள் என்று தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

“அலர்ஜின்னு போட்டுடும்மா,” என்றார் சூப்பர்வைசர் டில்லிபாபு, குரலைத் தாழ்த்தி. “ஆயில் பட்டா கை அரிக்குதுன்னு எழுது. நான் பேசி உன்ன பேக்கிங்ல போட்டுடறேன். வேல போவாது.”

“எனக்கு அரிக்கலயே அண்ணாச்சி.”

“அரிக்கலன்னா இன்னா? எவன் வந்து பாக்கப் போறான்?”

அறைத்தோழி ஜாஸ்மின் சிரித்தாள். “அண்ணே, இவ அந்த பிரெஞ்சுக்காரரு வூட்டு மருமவ. பொய் எழுத மாட்டா.”

ஹாஸ்டல் கட்டிலில் சுகப்பிரியா மூன்று முறை படித்த நாவலைத்தான் ஜாஸ்மின் சொன்னாள். அதை எழுதிய பிரெஞ்சுக்காரர் யுத்தத்தில் பதுங்குகுழிகளுக்குத் தபால் சுமந்தவர். வாங்க ஆளில்லாத கடிதங்களைத் திருப்பிச் சுமந்து சுமந்து, ஒருநாள் எழுத உட்கார்ந்துவிட்டார். ‘எல்லாம் கற்பனை’ என்று முதல் பக்கத்தில் ஒரு வரி போட்டால் அச்சடிக்கிறோம் என்றார்களாம் பதிப்பகத்தார். அவர் போடவில்லை. ஒன்பது வருடம் கையெழுத்துப் பிரதி அலமாரிக்குள் கிடந்தது. அந்த ஒன்பது வருடம் அவர் எப்படிச் சாப்பிட்டார், வாடகைக்கு என்ன செய்தார் என்று தமிழில் பெயர்த்தவர் முன்னுரையில் எழுதவில்லை. சுகப்பிரியா தேடித் தேடிப் பார்த்திருக்கிறாள்.

அவள் எழுதினாள்: ‘இந்தக் குண்டு யார்மேல் விழும் என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒருவரைக் கொல்ல என் கையால் கடைந்து கொடுக்க மனமில்லை. வால்வு லைனில் எவ்வளவு வேலை தந்தாலும் செய்வேன்.’

டில்லிபாபு படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். “இத நான் கொண்டும்போய் குடுக்கணுமா?”

“நீங்க குடுக்கலன்னா நானே குடுக்கேன்.”

“வேணாம். நீ மெஷினுக்குப் போ.”

சைரன் அடித்தது. லேத்தின் முன்னே நின்றபடி அவள் கண்ணாடி அறையைப் பார்த்தாள். டில்லிபாபுவிடமிருந்து படிவத்தை வாங்கிய எச்.ஆர். மேடம் அதை அடுக்கின்மேல் வைக்கப் போய், கையை நிறுத்தினார். படித்தார். இடம் போதாமல் ஓரத்தில் ஏறியிருந்த கடைசி வரிக்காகக் காகிதத்தைப் பக்கவாட்டில் திருப்பினார். பிறகு அதை நேராக்கி, மறுபடி முதல் கோட்டிலிருந்து படிக்கத் தொடங்கினார்.