ஒரே கோட்

வதனியின் கண்காட்சி திறக்க இன்னும் இருபத்தாறு மணித்தியாலம் இருந்தது. கடைசிப் படத்தை அவள் முடித்திருக்கவில்லை. "வெள்ளண வா புள்ள, என்ட ரெண்டு கையும் காணாது" என்று காலையில் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். நான் மதியம் சாப்பிட்டுவிட்டு, தன்னாமுனையிலிருந்து ஆறுதலாக பஸ் ஏறினேன். பிந்திப் போவதில் எனக்குச் சின்னச் சந்தோசம் இருந்தது.

அவளுடைய அண்ணன் ரதீஸின் சைக்கிள் கடை வாவிக்கரையில் இருக்கிறது. அதற்குப் பின்னாலுள்ள அறையில்தான் அவள் வேலை செய்வாள். ரதீஸ் அண்ணன் ஒரு ரியூபைத் தண்ணீருக்குள் அமிழ்த்திக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தங்கச்சி. பஞ்சர் ஒட்டுற சொலூசன் எல்லாத்தையும் உங்கட சிநேகிதி செத்துப்போன மாப்பிளைமாரிட முதுகில பூசிட்டா. உயிரோட இருக்கிறவன் காத்தில்லாம நிக்கிறான்."

சைக்கிளோடு காத்திருந்த மனிதர் சிரித்தார். நானும் சிரித்ததுபோல் காட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

வதனி வெட்டி ஒட்டுகிற அந்தப் பழைய ஸ்டூடியோப் படங்களை முதலில் கண்டது நான். ஏறாவூரில் நௌஷாட் நானாவின் பழைய சாமான் கடையில், இரும்புகளுக்குப் பின்னால் ஒரு உரப்பை கிடந்தது. எப்போதோ மூடிப்போன ஒரு ஸ்டூடியோவின் படங்கள். படம் எடுக்க வந்தவர்கள் திரும்பி வந்து வாங்கிப் போகாதவை. நெகட்டிவ்கள் வெள்ளத்தில் போய்விட்டன என்றார் நானா. தனியாகப் பேரம் பேச எனக்கு வெட்கம். அதனால் வதனியைக் கூட்டிப்போனேன். அவள் நானாவைச் சிரிக்க வைத்துப் பையை வாங்கினாள். பாதிப் படங்கள் அவளுக்கு என்றானது அப்படித்தான்.

நான் என் பாதியைத் துடைத்து, ஸ்கான் செய்து, நகல்களை வெட்டி கொலாஜ் செய்தேன். வதனி அசல்களையே வெட்டினாள். "நகலுக்கு உயிரில்ல புள்ள" என்றாள். நான் வாதாடினேன். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிந்தது. அவளுடைய முகங்களில் வெளிச்சம் பட்டால் வெள்ளி மினுங்கும். என்னுடையவை சரியாக இருந்தன. அவ்வளவுதான்.

ஒரே கோட் என்பதைக் கண்டதும் நான்தான். அந்தப் படங்களிலிருந்த ஆண்கள் எல்லாரும் ஒரே கோட்டைப் போட்டிருந்தார்கள். இடது கழுத்துப்பட்டியில் ஒரு சின்னத் தையல். மெலிந்தவருக்கு அது தொங்கியது, பருத்தவருக்குப் பொத்தான் பூட்ட முடியவில்லை. படம் எடுக்க வருகிறவர்களுக்கு ஸ்டூடியோக்காரர் மாட்டிவிடுகிற கோட். ஒரு பின்னேரம் அதை வதனிக்குக் காட்டினேன். அடுத்த கிழமை போனபோது ஒரு நீள மேசைப் படம் முக்கால்வாசி உருவாகியிருந்தது. கல்யாணப் பந்தியைப் போல, மேசை நெடுகிலும் அந்த ஆண்கள் அந்தக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு நகர மனமில்லாமல் நின்றார்கள். எனக்கும் அப்படித்தான் ஆனது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் அவளுடைய படங்கள் முழுவதையும் கேட்டிருக்கிறது. கடலைப் பார்த்த திறந்த மண்டபத்தில் மாட்டப் போகிறார்கள். கண்காட்சியில் என்னுடைய நான்கு படங்களுக்கும் இடம் உண்டு. கழுவுமிடத்துக்குப் போகிற வழியில்.

முதலில் மாவுப்பசையால் ஒட்டிய தாள் வாவிக் காற்றில் சுருண்டது, எறும்பும் வந்தது. அதனால்தான் வதனி சொலூசனுக்கு மாறினாள். தாள் சுருளவில்லை, மட்டமாக ஒட்டியது. அவளுக்குப் பெருமை. எனக்கு ஒரு சந்தேகம். நான் படித்தது இரசாயனம். யாருடையதென்று தெரியாத ஒரு பாஸ்போட் படத்தின் பின்னால் அந்தச் சொலூசனைப் பூசி, ஈரப் பஞ்சோடு ஒரு ஜாம் போத்தலில் அடைத்து, வெயில்படுகிற தகரத்தில் வைத்தேன். பூசாத படம் ஒன்றை இன்னொரு போத்தலில் வைத்தேன். செவ்வாய்க்கிழமை திறந்தேன். பூசாதது அப்படியே இருந்தது. மற்றதில் கண்ணும் மூக்கும் பழுப்புக்குள் போய்விட்டன. சொலூசனிலுள்ள கந்தகம் படத்தின் வெள்ளியைத் தின்றிருந்தது.

உடனே சொல்லியிருக்கலாம். தொலைபேசியைக் கையில் எடுத்தேன்தான். ஆனால் இப்போது சொன்னால் எரிச்சலில் சொல்கிறேன் என்பார்கள் என்று நினைத்தேன். அது உண்மையும்கூட. பிறகு வேறொன்றை நினைக்கத் தொடங்கினேன். அடுத்த மாரி முடிய ஹோட்டலிலிருந்து வதனிக்கு ஒரு அழைப்பு வரும். படங்கள் பழுதாகிவிட்டன என்பார்கள். அந்த அழைப்பை நான்கு நாளாக மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அது இனித்தது.

"பிந்திட்டாய்" என்றாள் வதனி, நிமிராமல். நீள மேசைப் படம் தரையில் கிடந்தது. மேசையின் ஒரு முனையில் மட்டும் இடம் இன்னும் வெறுமையாக இருந்தது.

"இவடத்துக்கு யாரை வைச்சாலும் பொருந்துதில்ல கா. எல்லாரும் விருந்துக்கு வந்தவனாத்தான் இருக்கான். வீட்டுக்காரன் இல்ல."

அவள் எழும்பி, "உன்ட சின்னக் கத்தரிக்கோல் எங்க?" என்று கேட்டபடி என் பையைத் திறந்தாள். நான் கை நீட்டுவதற்குள் கோப்பு வெளியே வந்துவிட்டது. அதற்குள் அந்தப் படம் இருந்தது.

ஆள் இல்லாத படம். வண்ணம் தீட்டிய படிக்கட்டுத் திரைக்கு முன்னால் ஒரு கதிரை, அதன் முதுகில் அந்தக் கோட். வெளிச்சம் சரிபார்க்க எடுத்ததாக இருக்கும். உரப்பையைப் பிரித்த நாளே அதை ஒதுக்கி வைத்திருந்தேன். எனக்கென்று ஒரு நல்ல படம் செய்யும் நாளுக்காக.

வதனி அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"ஒளிச்சு வைச்சிருந்தியா?"

"ஓம்."

"கள்ளி." அவள் சிரித்தாள். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். "தருவியா?"

தரமாட்டேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். அவள் அதற்குள் படத்தை வெறுமையான இடத்தில் வைத்துவிட்டாள். அவ்வளவு பேரும் அந்தக் கதிரையைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் ஆனது. கையால் ஒரு விரல் அளவும் நகர்த்தத் தேவையில்லை. என்னிடம் ஒரு வருடம் கிடந்த படம். எனக்கு இது தோன்றவேயில்லை.

"தாறன்" என்றேன்.

வதனி சுவரில் சாய்த்திருந்த பெயர் அட்டையை எடுத்தாள். 'ஒரே கோட் - வதனி' என்றிருந்தது. தன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் எழுதினாள். றொசானி. எழுத்து அவளுடையதைவிடக் கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது.

"கோட்டைக் கண்டுபிடிச்சதும் நீதானே. மறந்துபோனன் புள்ள, மெய்யா. நாளைக்கு ஹோட்டல்காரர் வந்தா ரெண்டு பேரும் நிண்டுதான் கதைக்கணும். நீ வாய் திறக்க மாட்டாய், எனக்குத் தெரியும். சும்மா பக்கத்தில நில்லு."

நான் அந்த அட்டையையே பார்த்தேன். இத்தனை மாதம் விரும்பியது அதில் இருந்தது. மாரி முடிய வரப்போகிற அந்த அழைப்பும் அதற்குள்ளேயே இருந்தது.

அவள் கதிரைப் படத்தை முகம் குப்புறக் கவிழ்த்தாள். சொலூசன் ரியூபின் மூடியைத் திருகி என்னிடம் நீட்டினாள்.

"உன்ட படம். நீயே பூசு."

ரப்பர் வாசம் அறை முழுவதும் ஏறியது. ரியூபை வாங்கினேன். வெளியே ரதீஸ் அண்ணன் யாருக்கோ காற்றடித்துக்கொண்டிருந்தார். வதனி தூரிகையை எடுத்துத் தந்தாள். நான் வாங்கவில்லை. மூடியைத் திரும்பப் பூட்டினேன்.

"என்ன?"

"வதனி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தரம் சத்தமாகச் சொன்னேன். "வதனி, இதில கந்தகம் இருக்கு. நீ ஒட்டின எல்லா முகமும் பழுப்பாகி அழிஞ்சுபோகும். எனக்கு அது செவ்வாய்க்கிழமையே தெரியும்."