துடைத்த கண்ணாடி

“அண்ணி, சாயங்காலம் நீங்க மாடியிலயே இருந்துடுங்க. அவங்க போனதும் நானே வந்து கூப்பிடுறேன்.”

கொழுந்தன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மறுபடி செருகினான். அண்ணியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள், நல்ல இடம். அந்த நேரத்தில் புருஷனை இழந்தவள் கூடத்தில் நிற்கக் கூடாதாம். யார் போட்ட சட்டம் என்று கேட்டுப் பாருங்கள், ஒருத்தருக்கும் பதில் தெரியாது. ஆனால் சட்டம் மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

மீதியை மாமியார் சமையலறையிலிருந்தே சொல்லி முடித்தாள். “நீ உங்க அம்மா வீட்டோட போயிட்டேன்னு சொல்லி வெச்சிருக்கோம்மா. மாப்பிள்ளை வீடு உன் ஸ்கூலுக்கு நேர் எதிர்ல. நீ பையைத் தூக்கிட்டு அங்க போய் நின்னா எங்க மானம் என்னாகும்? நாளையிலேர்ந்து வேலைக்குப் போக வேண்டாம். உனக்கு இங்க என்ன குறை? யாராவது உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருப்போமா?”

சொன்னதில்லைதான். கண்ணாடிக் கடைக்காரர் வீடு. நாசூக்காகக் கையாளத் தெரிந்தவர்கள். மூத்தவன் போன பிறகு அவளுக்கு மாடியில் நல்ல அறையாகக் கொடுத்தார்கள். கொழுந்தன் கடையிலிருந்து பெரிய கண்ணாடியாகக் கொண்டுவந்து ஜன்னல் முழுக்கப் பதித்தான். வெளிச்சம் கொட்டும். ஜன்னலைத் திறக்க மட்டும் முடியாது.

ஒரு நாள் பூராவும் அந்த வீட்டில் அவளிடம் பேசுவதற்கு யாருக்கும் எதுவும் இருக்காது. வாய் திறந்து பேசும் ஒரே இடம் அவள் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம். அங்கே பெண்கள் அவளுக்கு ‘போட்டான் டீச்சர்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கு அது தெரியும், பிடிக்கவும் செய்தது. பள்ளி வாசலில் நுழையும்போது எதிர்வீட்டு ஜன்னலில் வயதான ஒரு அம்மா நிற்பாள். வெளிறிய புடவை, வெறும் கழுத்து. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைத் தூக்குவாள். இவளும் தூக்குவாள். அவ்வளவுதான் பழக்கம்.

மாலையில் மாடிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு, பறிபோன வேலையோடு இன்னொன்றும் உறுத்தியது. முந்தின நாள், சனிக்கிழமை வகுப்பில் அவள் காட்டிய சோதனை பல்லிளித்துவிட்டது.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கண்ணாடிக் குப்பிக்குள் தங்க இலை ஒன்று, மேலே துத்தநாகத் தகடு. கம்பளியில் தேய்த்த பிளாஸ்டிக் குழாயால் தொட்டால் மின்னூட்டம் ஏறி இலை விரிந்து நிற்கும். புறஊதா விளக்கைத் தகட்டின் மேல் காட்டினால் எலெக்ட்ரான்கள் கிளம்பிப் போய்விடும்; இலை தொப்பென்று விழும். சாதாரண பல்பை எத்தனை பெரிதாகப் போட்டாலும் விழாது.

“ஒளி துகள் துகளா வருதுடி பொண்ணுங்களா. அதுதான் போட்டான். கும்பலா வர்ற மாதிரிதான் தெரியும், ஆனா ஒவ்வொண்ணும் தனியாத்தான் வந்து முட்டும். முட்டுற அந்த ஒத்தைத் துகளுக்குத் தெம்பு இருந்தா எலெக்ட்ரான் வெளிய வரும். இல்லையா, கோடித் துகளைக் கொட்டினாலும் நகராது.”

வாய் வலிக்கச் சொல்லிவிட்டு விளக்கைப் போட்டாள். இலை அசையவே இல்லை. “டீச்சர், எலெக்ட்ரானுக்கும் வெளிய போக வீட்டுல பர்மிஷன் கிடைக்கலையோ?” என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. திங்கட்கிழமை காட்டுகிறேன் பார் என்று சவால் விட்டு, எல்லாவற்றையும் வீட்டுக்குத் தூக்கிவந்திருந்தாள்.

இனி போகப் போவதில்லை என்றாலும் ஏன் விழவில்லை என்று தெரியாமல் மனசு ஆறவில்லை. தகட்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தாள். குழாயைத் தேய்த்து மின்னூட்டம் ஏற்றினாள். இலை விரிந்தது. விளக்கைப் போட்டாள். ஊஹூம். அணைத்துவிட்டு, விளக்கின் முகத்தில் தூசு இருக்குமோ என்று முந்தானையால் துடைத்தாள். விரல் வழுக்கியது.

அங்கே ஒரு கண்ணாடி இருந்தது.

அளவெடுத்து வெட்டி, ஓரம் மழுக்கி, இருப்பதே தெரியாமல் பதித்த கண்ணாடி. கொழுந்தன் கைவேலை, பார்த்ததும் தெரிந்துவிட்டது. போன மாதம் விளக்கின் தாங்கி உடைந்தபோது சரிசெய்யக் கொடுத்தாளே, அப்போது வைத்திருக்கிறான். அண்ணிக்கு எதுவும் பட்டுவிடக் கூடாதென்ற அக்கறை. புறஊதாவைக் கண்ணாடி விடாது என்று வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதுகிறவள் அவள். விளக்கு எரிகிறது, வெளிச்சம் வருகிறது; எது வந்தால் எலெக்ட்ரான் வெளியே போகுமோ அது மட்டும் வரவில்லை. கண்ணெதிரே இருந்தும் தெரியவில்லையே!

ஸ்பூனால் நெம்பி எடுத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு விளக்கைப் போட்டாள். இலை விழுந்தது.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. காட்டுவதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் இல்லை.

கீழே நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. வந்துவிட்டார்கள். கதவை லேசாகத் திறந்தாள். பேச்சு படியேறி வந்தது.

“மூத்த மருமக இருக்காங்கன்னு சொன்னாங்களே?” வந்தவர்களில் மூத்த ஆண் குரல்.

“அவ அம்மா வீட்டோட போயிட்டா.” மாமியார் தடுமாறவேயில்லை. “மாப்பிள்ளையோட அம்மா வரலீங்களா?”

“தம்பி பொண்டாட்டியா? அவங்க ஊர்ல இல்லீங்க. தம்பி போனதிலேர்ந்து இந்த மாதிரி காரியத்துக்கெல்லாம் அவங்களும் வர்றதில்லை. பெரியப்பா நான் இருக்கேனே.”

நேற்றுக்கூட அந்த அம்மா கையைத் தூக்கினாளே! பள்ளிக்கு நேர் எதிர்வீடு என்று காலையில் மாமியார் சொன்னபோது உறைக்கவில்லை, இப்போது உறைத்தது. கோபம் கிளம்பியது. தனக்காகக்கூட அவளுக்கு அத்தனை கோபம் வந்ததில்லை.

கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கூடத்துக்குள் வந்து நின்றாள். கொழுந்தன் பதறி எழுந்தான். “அண்ணி!”

“நல்ல கண்ணாடிதான் தம்பி. ஆனா எனக்கு வேண்டாம்.” அவன் கையில் கொடுத்துவிட்டுப் பெரியவர் பக்கம் திரும்பினாள். “நான் எங்கயும் போகலைங்க. இங்கதான் இருக்கேன். உங்க வீட்டம்மாவும் ஊர்லதான் இருக்காங்க. நேத்துகூட ஜன்னல்ல பார்த்தேன்.”

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். பெரியவருக்கு முகம் சிவந்தது. “ஜன்னல்லயா? அந்த ஜன்னலை நாங்க என்னைக்கும் திறக்கிறதே இல்லையேம்மா!”

“தெரியும். கண்ணாடி வழியாத்தான் பார்த்தேன்.”

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கட்டிய புருஷன் உட்கார்ந்த நாற்காலி சுவரோரம் காலியாகக் கிடந்தது. அதை இழுத்து, நாத்தனாருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“நாளைக்குக் காலையில எனக்கு முதல் பீரியட் அத்தை. சீக்கிரம் கிளம்பணும்.”

தட்டோடு உட்கார்ந்திருந்த நாத்தனார், மாப்பிள்ளைக்கென்று எடுத்த டீயை அண்ணியின் கையில் கொடுத்தாள்.