சாம்ராஜ் நடிக்கவில்லை

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சாம்ராஜ் சொன்னதை அவர் மனைவி ஜாய் நம்பவில்லை. ஒரகடத்தில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் மணல் தூசிக்குள்ளேயே வேலை பார்த்து அவர் நுரையீரல் கெட்டிருந்தது உண்மைதான். ஆனால் இன்ஹேலர் உறிஞ்சிய பிறகும் மூச்சு வாங்குவது, மொட்டைமாடியில் துணி காயப்போடாமல் டிமிக்கி கொடுக்கத்தான் என்று டாக்டரிடமே சொன்னாள்.

முதலில் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். காற்று அடைத்து ஊதிப்போன நுரையீரல் மறைத்ததால் அது சரியாகத் தெரியவில்லை.

"பாத்தியா, மிஷினுக்கே என் மனசு தெரியல. உனக்கு எங்க தெரியப் போவுது?" என்றார் சாம்ராஜ்.

"இருந்தாதான தெரியும்," என்றாள் ஜாய்.

அடுத்து சி.டி. ஸ்கேன். டாக்டர் படத்தைத் திரையில் காட்டினார்.

"நுரையீரலுக்கு ரத்தம் போற குழாய், பக்கத்துல உடம்புக்கு ரத்தம் போற பெரிய குழாயவிட அகலமாயிடுச்சு. உள்ள பிரஷர் ஏறியிருக்கும்போல, அதான் மூச்சு வாங்குது. இவர் நடிக்கலம்மா."

சாம்ராஜுக்குப் பயப்படக்கூடத் தோன்றவில்லை. "இப்ப இன்னா சொல்ற?" என்று வெற்றிச் சிரிப்பு சிரித்தார். ஜாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே நான் எந்த வேலையும் செய்யக் கூடாதுன்னு இவகிட்ட சொல்லிடுங்க டாக்டர்."

"மாடி ஏற வேணாம். சமதரையில மெதுவா நடங்க. உக்காந்து செய்யற சின்ன வேலையெல்லாம் செய்யலாம்."

"பாத்திரம் தேய்க்கலாமா டாக்டர்?" என்று ஜாய் அவசரமாகக் கேட்டாள்.

"தாராளமா."

திரும்பும் வழியில் படப்பைக் கடைத்தெருவில் ஜாய் ஒரு முக்காலி வாங்கினாள். சாம்ராஜை அதில் உட்காரவைத்து, உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாங்கினாள்.